மறுமொழி: பறவைப் பாடத்தில் இறகை ‘உலர்த்துதல்’ என்றால் போதுமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இறந்த பறவையின் தோலை உரித்து, உயிருள்ளதுபோல் தோன்ற நிறுத்திவைக்கும் கலையில், அதாவது பறவையைப் பாடம் செய்கையில், உரித்தெடுத்த தோலைக் கழுவிய பின் நனைந்து ஒட்டிக் கிடக்கும் இறகுகளை உயிருள்ள பறவையினுடையவை போல எழும்பச் செய்யும் கட்டத்துக்கு ‘இறகு பதப்படுத்தல்’ என்று ஒரு நண்பரும், ‘தோல் உலர்த்தல்’ என்று இன்னொருவரும் சொல் தந்திருக்கிறார்கள். இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு.

முதலாவது மிகப் பரந்த சொல். மீனையும் பழத்தையும்கூடப் பதப்படுத்துகிறோம். ‘பதனிடுதல்’ என்று மாற்றினாலோ ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகள்தாம் நினைவுக்கு வரும். முழுக் கலைக்கும் ‘பாடம் செய்தல்’ என்ற சொல் பேச்சிலேயே இருக்கிறது; ‘பாடம் செய்த புலி’ என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. அதை அப்படியே வைத்துக்கொண்டு உட்கட்டங்களுக்கு மட்டும் சொல் தேடினால் போதும்.

இரண்டாவது சொல்லில் உள்ள சிக்கல் பெரிது, ஏனெனில் அது செய்முறையையே தலைகீழாகச் சொல்கிறது. இக்கட்டத்தில் உலர வேண்டியது இறகு மட்டுமே. தோல் ஈரப்பதத்தோடு வளைந்து கொடுக்கும் நிலையில் இருந்தால்தான் பின்னர் அதை உள்ளுருவின் (பறவையின் உடல்வடிவில் செய்த உட்பொம்மையின்) மேல் போர்த்தித் தைக்க முடியும். ஆகவே ‘இறகு’ என்பது சொல்லிலோ, அதன் விளக்கத்திலோ கட்டாயம் இடம்பெற வேண்டும்.

இனி, உலர்த்துதல் என்று மட்டும் சொன்னால் ஏன் போதாது என்பதற்கு இறகின் அமைப்பைப் பார்க்க வேண்டும். நடுத்தண்டின் இருபுறமும் இழைகள். ஒவ்வோர் இழையிலும் நுண்ணிழைகள். அவற்றின் நுனியில் மிகச் சிறிய கொக்கிகள். கொக்கிகள் அடுத்த இழையின் நுண்ணிழைகளைப் பற்றிக்கொள்வதால்தான் இறகு ஒரே தகடுபோல் தெரிகிறது. இரத்தக் கறையைக் குளிர்ந்த நீரில் போக்கி, பாத்திரம் துலக்கும் சோப்பு நீரில் கொழுப்பை நீக்கி அலசும்போது இந்தப் பிணைப்புகள் பல இடங்களில் விட்டுப்போகின்றன. அந்நிலையில் தோலை வெறுமனே காயவிட்டால் இறகுகள் கற்றை கற்றையாகத் திரண்டு நிற்கும். அடியிலுள்ள தூவி, அதாவது பஞ்சுபோன்ற மென்சிறகு, எழும்பாது. அதனால் துணியில் ஒற்றி, சோளமாவு போன்ற ஈரமுறிஞ்சும் பொடியில் புரட்டி, உதறி, பிறகு காற்றடிக்கும் கருவியால் முதலில் வாலிலிருந்து தலைநோக்கி, இறகு படியும் திசைக்கு எதிராக ஊதித் தூவியை உலர்த்துகிறார்கள். அப்போது விரலாலோ மென்தூரிகையாலோ இறகுகளைத் தொடர்ந்து நீவிவிட, பிரிந்த கொக்கிகள் மீண்டும் பற்றிக்கொள்கின்றன. வாத்து முதலிய நீர்ப்பறவைகளில் தூவி அடர்ந்தும் கொழுப்பு மிகுந்தும் இருப்பதால் இந்த வேலைக்கு நெடுநேரம் பிடிக்கும்.

உயிருள்ள பறவை இதே வேலையை அலகால் செய்கிறது. அதற்குத் தமிழில் ‘கோதுதல்’ என்று பெயர். தலைக்குக் குளித்துவிட்டுச் சாம்பிராணிப் புகையில் கூந்தலை விரலால் அளைந்து காயவைப்பதையும் கோதி உலர்த்துதல் என்றே சொல்கிறோம். பறவைக்கும் கூந்தலுக்கும் பொதுவான இந்தச் சொல் இருக்கையில், புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டுமா? எனவே ‘கோதியுலர்த்தல்’ என்பதை முன்மொழிகிறேன். பொருள் ஐயம் எழும் இடங்களில் ‘இறகு கோதியுலர்த்தல்’ என விரித்துக்கொள்ளலாம். ‘கோதியுலர்த்திய தோல்’ என்று பெயரெச்சமாகவும் தடையின்றி வரும்.

‘அலர்த்தல்’ என்ற சொல்லும் எனக்குத் தோன்றியது. மலரச் செய்தல் என்ற பொருள் தூவி எழும்புவதற்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் அச்சில் அதைப் பார்ப்பவர் பத்தில் ஒன்பது பேர் ‘உலர்த்தல்’ என்பதன் எழுத்துப்பிழை என்றே கொள்வர். மெய்ப்புத் திருத்துபவர் இரக்கமின்றி மாற்றியும் விடுவார். அழகுக்காக அந்த இடரை ஏற்க வேண்டாம்.

கொழுப்பு நீக்கும் முந்தைய கட்டத்துக்கு ‘நிணநீக்கம்’ பொருத்தமாகத் தோன்றலாம். நிணம் என்பது விலங்குக் கொழுப்புக்கு உரிய பழஞ்சொல்தான். எனினும் மருத்துவத்தில் ‘நிணநீர்’ வேறு பொருளில் நிலைபெற்றுவிட்டதால், ‘சிக்கெடுத்தல்’ போல ‘கொழுப்பெடுத்தல்’ என்பதே குழப்பமற்றது. இதில் அலட்சியம் கூடாது என்பதால் சொற்பட்டியலில் தனிப் பதிவாகவே வர வேண்டும்: தோலில் தங்கும் கொழுப்பு நாளடைவில் மஞ்சளாகக் கசிந்து இறகைக் கறைப்படுத்துவதோடு தோலையும் அரித்துவிடும்.

பொடியில் புரட்டும் கட்டத்துக்குப் ‘பொடியொற்றல்’ என்று எழுதிவைத்திருக்கிறேன். அதில் ஈரத்தை ஒற்றியெடுப்பது மட்டுமே தெரிகிறது, பொடியை மிச்சமின்றி உதறுவது தெரியவில்லை. கருநிற இறகில் சிறிது பொடி தங்கினாலும் சாம்பல் பூத்ததுபோல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், உதறலையும் உள்ளடக்கிய சொல் யாருக்கேனும் தோன்றினால் அருள்கூர்ந்து எழுதுங்கள்.