வயசான நாயை வழியனுப்பும்போது

தேறாத நாயை ஊசி போட்டு வலியில்லாமல் வழியனுப்புவது (கருணைக்கொலை) எப்போது என்ற கேள்விக்கு மனசு நேரான பதில் தராது. காலண்டரில் குறித்து வையுங்கள். தானாக எழுந்து, சாப்பிட்டு, வாலாட்டிய நாளுக்கு ஒரு வட்டம். இல்லாத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் அலிஸ் வில்லலோபோஸ் 2004-ல் தந்த அளவுகோலும் கைகொடுக்கும். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என ஏழுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண்; 10 தான் நல்ல நிலை. கூட்டுத்தொகை 35-க்கு மேல் இருக்கும் வரை பராமரிப்பைத் தொடரலாம். மூச்சுத் திணறல் மட்டும் விதிவிலக்கு. அது வந்துவிட்டால் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

*

இதோட ஒண்ணு சேர்த்துக்கோங்க. வலிக்குதேன்னு நாம போடுற பாராசிட்டமால், இபுப்ரொஃபென் எதையும் கொடுத்துடாதீங்க. இபுப்ரொஃபென் வயித்துல புண்ணாக்கி கிட்னியையும் கெடுக்கும். எழ முடியாத நாயை நாலு மணி நேரத்துக்கு ஒருதடவை புரட்டிப் படுக்க வைக்கணும். முழங்கை, இடுப்பெலும்பு துருத்துற இடத்துல முடி கொட்டித் தோல் சிவந்தா, படுக்கைப்புண் ஆரம்பிச்சாச்சு.

*

ஊசி போடும்போது என்ன நடக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பிறகு வீட்டார் பயந்துபோகிறார்கள்.

முதலில் மயக்க ஊசி கேளுங்கள். தசையில் போட்டால் பிடிக்க 5 முதல் 15 நிமிடம் ஆகும்; ரத்த ஓட்டம் குறைந்த கிழட்டு உடம்பில் இன்னும் தாமதமாகலாம். அவசரப்படுத்த வேண்டாம், அதுவரை தலை உங்கள் மடியில் இருக்கட்டும். அடுத்து முன்னங்காலில் கொஞ்சம் முடி மழித்து ஊசிக்குழாய் செருகுவார்கள். நீர்ச்சத்து வற்றியிருந்தால் ரத்தக்குழாய் அமுங்கிப்போய் அகப்படாது. பின்னங்காலில் தேடுவார்கள், அது மருத்துவரின் தவறில்லை. உயிரை முடிக்கும் மருந்தான பென்டோபார்பிட்டால் ஏறிய சில நொடிகளில் நினைவு போய்விடும், சில நிமிடங்களில் இதயம் நிற்கும்.

இனிதான் பலரும் கலங்குவது. கண் மூடாது. சிறுநீரும் மலமும் போகலாம், அடியில் பழைய துண்டு விரித்திருங்கள். இதயம் நின்ற பிறகும் ஓரிரு முறை ஆழமாக மூச்சு இழுக்கலாம், உதடோ காலோ துடிக்கலாம். உயிர் இருக்கிறது, வலிக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அவை உணர்வற்ற அனிச்சை அசைவுகள். மருத்துவர் மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்து உறுதி செய்யும் வரை காத்திருங்கள்.

*

அடக்கம் பற்றியும் சொல்லிடறேன். சில மணி நேரத்துல உடம்பு விறைச்சிடும், அதுக்குள்ள தூங்குற வாக்கில் கால்களை மடக்கி வச்சிடுங்க. புதைக்கிறதா இருந்தா குறைஞ்சது மூணு அடி ஆழம், கிணறு குளத்துக்குத் தள்ளி. ஊசியில போட்ட பென்டோபார்பிட்டால் உடம்புல அப்படியே தங்கும். வேற விலங்கோ பறவையோ தோண்டித் தின்னா அதுவும் சாகலாம். எரிக்க வசதி இருந்தா அதுவே மேல். வீட்டில் இன்னொரு நாய் இருந்தா, மூடுறதுக்கு முன்னால கிட்ட வந்து மோந்து பார்க்க விடுங்க.