எக்ஸ்ரேல பாத்த ஒண்ணு இன்னும் மனச விட்டுப் போகலையா? இங்க எழுதுங்க

கீழ்த்தாடை:
ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப நடந்தது. நடுத்தர வயசு அம்மா ஒருத்தங்க, கையில வெளிய எடுத்த ஐஓபிஏ படம் (ஒண்ணு ரெண்டு பல்ல மட்டும் காட்டற சின்ன எக்ஸ்ரே), கீழ ரெண்டாவது முன்கடவாய்ப்பல்லுக்கு ரூட் கேனல் பண்ணணும்னு எழுதியும் குடுத்துட்டாங்க. வேர் நுனியில கருப்பா ஒரு வட்டம், பாத்த உடனே சீழ்க்கட்டின்னுதான் தோணும். ஆனா பல்லுல சொத்தை இல்ல, அடைச்சதும் இல்ல, அடிபட்டதும் இல்ல. அப்ப சீழ் எங்கேர்ந்து வரும்? சொத்தை நரம்ப தொடணும், நரம்பு சாகணும், கிருமி வேர் வழியா இறங்கி எலும்ப கரைக்கணும், அதுக்கப்புறம் தான அந்தக் கருப்பு. இங்க மொத வாசலே பூட்டிக் கெடக்கு.

பல்லு நரம்பு உயிரோட இருக்கான்னு பாக்க குளிர்ச்சியா ஒண்ண வெச்சுப் பாக்கற கோல்ட் டெஸ்ட் பண்ணோம். வெச்சதும் சுருக்குன்னு இருக்குன்னாங்க, எடுத்ததும் போயிருச்சு, அப்ப நரம்பு நல்லா இருக்கு. லென்ஸ் வெச்சுப் பாத்தா வேரச் சுத்தி வர்ற வெள்ளைக் கோடு, லாமினா டியூரா, அந்தக் கருப்புக்குள்ளயும் அறுபடாம ஓடுது, சீழா இருந்தா அது அறுந்திருக்கும். சீனியர் சொல்லி எக்ஸ்ரே ட்யூப கொஞ்சம் முன்பக்கமா நகத்தி இன்னொரு படம் எடுத்தோம், படம் ஸ்கிரீன்ல வந்துச்சு பாருங்க, வட்டம் வேர் நுனிய விட்டுட்டு பின்னால தள்ளிப் போயி தனியா நிக்குது. மென்டல் ஃபொரமென். கீழுதட்டுக்குப் போற நரம்பு எலும்ப விட்டு வெளிய வர்ற ஓட்டை, எல்லாருக்கும் இருக்கறது.

அந்தம்மா ரெண்டு படத்தையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, "அப்ப நல்ல பல்லத்தான் கொடைய இருந்தாங்களா டாக்டர்?"னு கேட்டாங்க. அந்தக் கேள்விதான் இன்னும் உறுத்துது.

ரெண்டு பசங்க அம்மா:
நான் டாக்டர் இல்ல, அம்மா. பையனுக்கு ஏழெட்டு வயசு இருக்கும்போது பால்பல் வலிக்காக எடுத்த படத்துல, பக்கத்துல புதுசா மொளச்ச கடவாய்ப்பல்லோட வேர் அடியில பெரிசா கருப்பு. டாக்டர் இன்னும் உள்ள வரல, படம் மட்டும் ஸ்கிரீன்ல இருக்கு, நான் அதையே பாத்துட்டு உக்காந்திருக்கேன், என்னென்னமோ ஓடுது மனசுல. அவங்க வந்து ஒரு வார்த்தையும் சொல்லாம அடுத்த பக்கத்துப் படத்த தெறந்து வெச்சாங்க. அங்கயும் அதே பல்லு, அதே எடம், அதே அளவுல கருப்பு. "வேர் இன்னும் வளந்து முடியலம்மா, நுனி தெறந்துதான் இருக்கும், வேர் உருவாகுற சதை அது. முடிய ஒம்போது பத்து வயசாகும்"னாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு. டாக்டருங்க படிக்கறீங்கன்னா ஒரு வேண்டுகோள், படத்த ஸ்கிரீன்ல போட்டுட்டு வெளிய போகாதீங்க.

ஓரல் பாத்:
@கீழ்த்தாடை நீங்க சொன்ன கேஸ் சரிதான், ஆனா இத படிக்கறவங்க "பல்லுக்கு உயிர் இருக்கு, அப்ப கருப்பு நார்மல்"னு எடுத்துக்குவாங்க, அதுதான் எனக்கு பயம். பல்லுக்கு உயிர் இருந்தா அந்தக் கருப்பு பல்லோட நரம்புலேர்ந்து வரலன்னு மட்டும்தான் அர்த்தம். வேற எங்கேர்ந்தோ வந்திருக்கலாம்ல?

நான் பாத்தது ஒரு சின்ன வயசுப் பையன், ஞானப்பல் எடுக்கணும்னு வந்தான், ஓபிஜி (ரெண்டு தாடையும் ஒரே படத்துல வர்ற பெரிய எக்ஸ்ரே) எடுத்தா கீழ்க்கடவாய்லேர்ந்து மேல ரேமஸ், அதாவது காதுப் பக்கமா ஏறுற தாடையெலும்பு, வரைக்கும் நீளமா கருப்பு, ஓரத்துல மெல்லிசா வெள்ளைக் கோடு. பக்கத்துப் பல்லெல்லாம் டெஸ்ட்டுக்கு நல்லா பதில் சொல்லுது. அவன் கன்னத்த தடவித் தடவிப் பாத்து "வீங்கவே இல்லையே சார், வலியும் இல்லையே"ன்னு திரும்பத் திரும்ப சொன்னது இன்னும் கண்ணுல நிக்குது. பயாப்ஸில ஓடோன்டோஜெனிக் கெரட்டோசிஸ்ட், பல்லு உருவாகுற திசுவோட மிச்சத்துலேர்ந்து வர்ற ஒரு சிஸ்ட், அதாவது நீர்க்கட்டி. இது வெளிய தள்றத விட எலும்பு மஜ்ஜைக்குள்ளயே முன்ன பின்ன பரவும், அதனாலதான் இவ்ளோ பெரிசானாலும் மொகத்துல தெரியல. எடுத்தாலும் திரும்ப வரும், வருஷக்கணக்கா ஃபாலோ அப் வேணும். 2005ல உலக சுகாதார நிறுவனம் இத ட்யூமர் லிஸ்ட்ல போட்டுது, 2017ல மறுபடி சிஸ்ட்டுன்னு மாத்திட்டாங்க. பேர் என்னவா இருந்தாலும் லேசுப்பட்ட ஆளு இல்ல.

எக்ஸ்ரே ரூம்:
டெக்னீஷியன் நான். ஒரு ஓபிஜில இடது பக்கம் மேல் சைனஸ்ல மங்கலா வெள்ளையா ஒண்ணு, சைனஸ்ல என்னமோ இருக்குன்னு ரிப்போர்ட் வந்து அந்தப் பொண்ணு பதறிப்போயி ரிப்பீட்டுக்கு வந்துச்சு. பழைய படத்த பாத்தா வலது காதுல கம்மல் பளிச்சுன்னு தெரியுது. கம்மலோட கோஸ்ட், அதாவது போலி நிழல், எதிர்ப்பக்கம் விழும், கொஞ்சம் மேல, பெரிசா, மங்கலா. கம்மல கழட்டிட்டு எடுத்தோம், ஒண்ணும் இல்ல. கழட்டச் சொன்னா நேரமாகுதுன்னு முணுமுணுக்கறவங்களுக்கு இத சொல்லிட்டுதான் எடுப்பேன்.

முன்பல்:
எனக்கு வந்த கேஸ் சுருக்கமா. நாப்பது தாண்டின அக்கா, கீழ் முன்பல் மூணுக்கு ரூட் கேனல் முடிஞ்சிருக்கு, கருப்பு கொறையலன்னு நாலாவதுக்கும் பண்ணலாமான்னு கேட்டு அனுப்பி இருந்தாங்க. நாலாவது பல்ல டெஸ்ட் பண்ணா நல்லா உயிரோட இருக்கு. படத்த பெரிசாக்கிப் பாத்தா கருப்புக்கு நடுவுல பஞ்சு மாதிரி வெள்ளை விழ ஆரம்பிச்சிருச்சு. பெரியாபிக்கல் செமெண்டோ ஆஸியஸ் டிஸ்ப்ளேசியா, வேர் நுனிப் பக்கத்து எலும்பு மாறி வளர்றது, கிருமியால வர்றது இல்ல. மொதல்ல கருப்பா வரும், அப்புறம் கலப்பா, கடைசில முழுசா வெள்ளையாகும், தானா வரும், பெரும்பாலும் நடுத்தர வயசுப் பெண்களுக்கு, அறிகுறி இல்லாட்டி வைத்தியமே வேண்டாம். அந்த மூணு பல்லும் அதுக்கு முன்னாடி நல்ல பல்லா இருந்திருக்கும்னு நெனச்சாலே மனசு ஆற மாட்டேங்குது.

இனிமே எழுதறது ஸ்டூடண்ட்ஸுக்கு. படத்த எடுத்ததும் வலிக்கற பல்ல நோக்கி ஓடாதீங்க. மொதல்ல படத்தோட நாலு மூலை, அப்புறம் எலும்பு, அப்புறம் ஈறுக்குக் கீழ எலும்போட வெளிம்பு, அப்புறம் வேர், லாமினா டியூரா, கடைசியாதான் பல்லோட தலை. ஏன்னா சொத்தைய பாத்த கண்ணு அதுக்கப்புறம் வேற எதையும் தேடாது. எலும்புல கருப்பு தெரிஞ்சா, எங்க இருக்கு, ஓரம் எப்படி இருக்கு, உள்ள என்ன இருக்கு, பக்கத்துப் பல்ல என்ன பண்ணிருக்கு, இத கேட்டுக்கிட்டே போங்க. கீழ்த்தாடைல நரம்புக் குழாய்க்கு மேலயா கீழயான்னு பாருங்க, பல்லுலேர்ந்து பொறக்கற நோய் பெரும்பாலும் குழாய்க்கு மேலதான். குழாய்க்குக் கீழ, தாடை மூலை பக்கத்துல, ஓரம் தெளிவா முட்டை வடிவத்துல இருந்தா 1942ல ஸ்டாஃப்னேங்கற பல் டாக்டர் எழுதின அந்தக் குழியா இருக்கலாம், உள்பக்கம் எச்சில் சுரப்பி அழுத்தி உண்டாகறது, தொட வேண்டாம். மேல் முன்பல் ரெண்டுக்கும் நடுவுல கருப்பு இருந்தா அது இன்சிசிவ் ஃபொரமென், அண்ணத்துக்குப் போற நரம்பு வெளிய வர்ற இயல்பான ஓட்டையா இருக்கலாம், ஆனா அகலம் 6 மில்லிமீட்டர தாண்டுச்சுன்னா சிஸ்ட்டான்னு யோசிங்க. மொளைக்காத பல்லோட தலையச் சுத்தி 2, 3 மில்லிமீட்டர் கருப்பு சாதாரணம், 5க்கு மேல போனா டென்டிஜெரஸ் சிஸ்ட் சந்தேகம் வரணும். பல்லோட கழுத்துல, எனாமல் முடியற எடத்துக்கும் எலும்பு ஆரம்பிக்கற எடத்துக்கும் நடுவுல கருப்புப் பட்டை தெரிஞ்சா உடனே சொத்தைன்னு எழுதாதீங்க, அது சர்விக்கல் பர்ன் அவுட், எக்ஸ்ரே அந்த எடத்துல அதிகமா ஊடுருவி வர்ற போலிக் கருப்பா இருக்கலாம், ப்ரோப் வெச்சுத் தடவிப் பாருங்க, சொரசொரப்பா மெத்துன்னு இல்லேன்னா விட்டுருங்க. கோணத்த மாத்தி இன்னொரு படம் எடுக்கறத கிளார்க்ங்கற பல் டாக்டர் 1910லயே சொல்லிட்டுப் போயிட்டாரு, இன்னும் பாதிப் பேர் பண்றதில்ல.

கீழ்த்தாடை:
@ஓரல் பாத் நார்மல்னு நான் முடிவு பண்ணது கோல்ட் டெஸ்ட் ஒண்ண வெச்சு இல்லையே சார், லாமினா டியூரா, நகந்த வட்டம், சொத்தை இல்லாதது எல்லாம் சேந்துதான். ஆனா நீங்க சொல்றதுல ஒண்ணு ஏத்துக்கறேன். டெஸ்ட்டே ஏமாத்தும். கேப் போட்ட பல்லு, வயசானவங்க பல்லு, சமீபத்துல அடிபட்ட பல்லெல்லாம் உயிரோட இருந்தும் பதில் சொல்லாது, மூணு வேர்ல ஒண்ணு செத்திருந்தாலும் மத்தது பதில் சொல்லிரும்.

ஓரல் பாத்:
படமும் ஏமாத்தும்ங்க. பெண்டர், செல்ட்ஸர்னு ரெண்டு பல் டாக்டருங்க 1961ல செத்தவங்க தாடையெலும்புல ஓட்டை போட்டு எக்ஸ்ரே எடுத்தாங்க, உள்ள பஞ்செலும்புல மட்டும் இருந்த ஓட்டை படத்துல தெரியல, வெளிய இருக்கற கெட்டி எலும்பு, கார்டெக்ஸ தொட்டப்புறம்தான் தெரிஞ்சுது. வலில துடிக்கறவங்க கிட்ட "படத்துல ஒண்ணும் இல்ல"ன்னு சொல்லி அனுப்பறத நிறுத்தணும், அதுக்குதான் சொல்றேன்.

உதடு:
ஒருத்தர் பல்செட் சரியா உக்காரலன்னு வந்தாரு. பேச்சு வாக்குல "கீழுதடு ஒரு பக்கம் மரத்துப் போயிருக்கு, டீ ஒழுகினாக்கூட தெரியல"ன்னாரு. படத்துல கருப்பு பெரிசா இல்ல, ஆனா ஓரமே இல்ல, எலும்ப அரிச்ச மாதிரி கந்தலா இருந்துச்சு. அன்னைக்கே அனுப்பினோம், புற்றுநோய்னு வந்துச்சு. காரணம் தெரியாம உதடு மரத்தா தள்ளிப் போடவே கூடாது.

வேர் நுனி:
நான் பேஷன்ட். இதெல்லாம் படிச்சு பயமா இருக்கு. ரூட் கேனல் பண்ணி ஒரு வருஷம் ஆச்சு, வலி சுத்தமா இல்ல, படத்துல கருப்பு முன்ன விட சின்னதாயிருக்கு ஆனா போகல. திரும்பப் பண்ணணுமா?

முன்பல்:
சின்னதாகிட்டு வருதுன்னா எலும்பு திரும்ப வளந்துட்டு இருக்குன்னு அர்த்தம் தம்பி, பெரிய கட்டியா இருந்தா நாலு வருஷம் வரைக்கும்கூட ஆகும். சிலருக்கு எலும்புக்குப் பதிலா தழும்பு நின்னு கொஞ்சம் கருப்பு அப்படியே இருந்துரும், அதுக்கும் ஒண்ணும் பண்ண வேண்டாம். பழைய படத்த தொலைக்காதீங்க, ஒவ்வொரு தடவையும் அதே கோணத்துல எடுக்கச் சொல்லுங்க, அப்பதான் பக்கத்துல வெச்சு ஒப்பிட முடியும். வீக்கம், சீழ், கடிச்சா வலி, இல்ல கருப்பு பெரிசாறது, இதுல எது வந்தாலும் உடனே போங்க.