ஹாவெலுக்காக வரிசையில் நின்ற நாளும் வேறு சில சந்திப்புகளும்

நாடக ஆசிரியராக இருந்து செக்கோஸ்லோவாக்கியாவின் குடியரசுத் தலைவரான வாட்ஸ்லாவ் ஹாவெலை நான் உயிரோடு பார்த்ததில்லை. 2011 டிசம்பர் 18 அன்று அவர் காலமானபோது பணி நிமித்தம் பிராக் நகரில் இருந்தேன். வென்செஸ்லாஸ் சதுக்கத்தின் குதிரைவீரர் சிலையைச் சுற்றி மெழுகுவர்த்திகள் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். மூன்று நாள் கழித்து அவரது உடல், குடியரசுத் தலைவரின் அலுவலகம் இருக்கும் பிராக் கோட்டையிலுள்ள விளாடிஸ்லாவ் மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அலுவலகத்தில் என்னைவிட மூத்தவரான செக் பொறியாளர் ஒருவர் அழைத்ததால் நானும் அஞ்சலி வரிசையில் சேர்ந்தேன்.

குளிரில் நின்றபடி அவர் சொன்னவற்றில் பாதிக்கு மேல் குறைகளே. பதவியேற்ற சில நாள்களிலேயே, 1990 புத்தாண்டில், ஹாவெல் வழங்கிய பொதுமன்னிப்பால் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் வெளியே வந்தார்கள்; சிறையின் கொடுமையை அறிந்தவருக்கு அது இரக்கம், இரவில் வீடு திரும்பவேண்டிய எங்களுக்கு அது அச்சம் என்றார். ஆனால் மண்டபத்துக்குள் நுழைந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, 1989 டிசம்பர் 29 அன்று, அதே ஆண்டு மே மாதம்வரை சிறையிலிருந்த அந்த நாடக ஆசிரியரை, கம்யூனிஸ்டுகளே பெரும்பான்மையாக இருந்த நாடாளுமன்றம் ஒருமனதாகக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது இதே இடத்தில்தான் என்றார். அன்று ஹாவெலின் கால்சட்டை கணுக்காலுக்கு மேலேறி நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்து வீட்டில் எல்லோரும் சிரித்தார்களாம். மூன்று நாளில் அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது. எத்தனை டன் எஃகு உருக்கினோம் என்பதையே நாற்பது ஆண்டுகளாகக் கேட்டுப் பழகியவர்களிடம், புத்தாண்டு உரையில் புதிய தலைவர், நம் நாடு செழிப்பாக இல்லை என்று நேரடியாகச் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட தம் தந்தை வானொலியின் ஒலியைக் கூட்டி வைத்தார் என்று பொறியாளர் சொன்னார்.

*

மேலே எழுதியவர் கோட்டையில் கண்டவரை நான் ஒரு பீர் ஆலையின் வாசலில் சந்தித்தேன் என்று சொல்லலாம். வட போஹேமியாவிலுள்ள ட்ருட்னோவ் என்னும் சிற்றூருக்கு நண்பர்களோடு சென்றிருந்தேன். சோவியத் தலைமையிலான 1968 படையெடுப்புக்குப் பின் நாடகங்கள் தடை செய்யப்பட்டிருந்த ஹாவெல், 1974இல் அங்கே பீப்பாய் உருட்டும் வேலை பார்த்தார். வசதி படைத்த குடும்பத்தில் பிறந்த குற்றத்துக்காக இளமையில் விரும்பிய படிப்பே மறுக்கப்பட்டவருக்கு இது புதிய தண்டனை அன்று. அந்த வேலையை வைத்து அவர் எழுதிய ஓரங்க நாடகத்தில், காவல்துறைக்கு வாரந்தோறும் என்ன எழுதித் தருவது என்று தெரியாமல் தவிக்கும் ஆலை மேலாளர், கண்காணிக்கப்படும் எழுத்தாளரையே கூப்பிட்டு, உன்னைப் பற்றிய அறிக்கையை நீயே எழுதிக் கொடுத்துவிடேன் என்று கெஞ்சுவார். ஒடுக்குமுறையின் உள்ளீடற்ற தன்மையை இவ்வளவு வேடிக்கையாகக் காட்டிய காட்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஹாவெலை ஏனோ நாம் எப்போதும் துயரமான தியாகியாகவே நினைத்துக்கொள்கிறோம். மனித உரிமைகளைக் கேட்ட சாசனம் 77 என்னும் அறிக்கையில் கையெழுத்திட்டதும், 1979 முதல் 1983 வரை சிறையில் கழித்ததும் உண்மைதான்; ஆனால் கோட்டையின் நீண்ட தாழ்வாரங்களில் காலால் உந்தும் ஸ்கூட்டரில் போனவரும் அவரே.

*

மூன்றாவதாக எழுதும் நான் மூன்றாண்டுகள் ஸ்லோவாக்கியாவில் வசித்தவன். அங்கே கேட்டது வேறு கதை. என் வீட்டு உரிமையாளர் மார்ட்டின் நகரைச் சேர்ந்தவர். டாங்கி தயாரித்துப் பிழைத்த ஊர் அது. ஆயுத ஏற்றுமதியைக் குறைக்க ஹாவெலின் ஆட்சி முடிவெடுத்தபோது வேலையிழந்தவர்களுக்கு, பிராகில் பேசப்பட்ட அறம் தங்கள் சம்பளத்தில் செலுத்தப்பட்ட விலையாகவே தெரிந்தது. 1992 ஜூலையில் ஹாவெல் மீண்டும் தேர்வாகாமல் தடுத்தவர்கள் நாடாளுமன்றத்தின் ஸ்லோவாக் உறுப்பினர்களே; அம்மாதம் 20ஆம் நாள் அவர் பதவி விலகினார், 1993 தொடக்கத்தில் நாடு இரண்டாகப் பிரிந்தது, பிப்ரவரியில் செக் குடியரசின் தலைவராகத் திரும்பி வந்தார். இவற்றையெல்லாம் வீட்டு உரிமையாளர் கசப்போடுதான் விவரித்தார். 1989 நவம்பரில் கம்யூனிஸ்ட் ஆட்சியை எதிர்த்துத் திரண்ட கூட்டத்தோடு கூட்டமாகச் சாவிக்கொத்தைக் குலுக்கினீர்களா என்று கேட்டேன். எழுந்து போய், கதவோரம் மாட்டியிருந்த பழைய கொத்தை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். அந்தக் கதவுகளில் ஒன்றுகூட இப்போது இல்லையாம்.