1.4 டிபி கல்யாணப் படங்கள்: வெளி டிஸ்க்குக்கு எந்த இணைப்பு வாங்கலாம்?

கேள்வி:
அப்பா எங்கள் ஊரில் 20 வருடத்துக்கு மேல் கல்யாண போட்டோவும் வீடியோவும் எடுத்தவர். எல்லாம் ஒரு பழைய கம்ப்யூட்டரில் கிடக்கிறது, மொத்தம் 1.4 டிபி. இரண்டு நாளாக அந்த டிஸ்க்கில் டக் டக் என்று சத்தம். பதறிப்போய் 4 டிபி போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க் வாங்கி காப்பி போட்டேன். விநாடிக்கு 33 எம்பிதான் ஏறுகிறது, 12 மணி நேரம் ஆகுமாம். டைப்-சி வாங்கினால் சரியாகும் என்கிறார் கடைக்காரர். தண்டர்போல்ட் என்கிற அதிவேக இணைப்பு தேவையா?

பதில்:
33 எம்பி என்றாலே பழைய, மெதுவான யுஎஸ்பி 2.0-வில் ஓடுகிறது என்று அர்த்தம். ஏட்டில் விநாடிக்கு 480 மெகாபிட் (அதாவது 60 எம்பி), கைக்கு வருவது 30, 40 எம்பிதான். சிபியுவின் பின்பக்கம் உள்ளே நீல நாக்கு தெரியும் போர்ட், அதாவது வேகமான யுஎஸ்பி 3.0, இருக்கிறதா பாருங்கள். அப்புறம், என்ன கேபிள் போட்டிருக்கிறீர்கள்?

கேட்டவர்:
நீல போர்ட்டில்தான் செருகியிருக்கிறேன். டிஸ்க்கோடு வந்த கேபிள் ஒரு சாண்தான், மேசை மேல் எட்டவில்லை. அதனால் பழைய போன் சார்ஜர் கேபிளைப் போட்டேன், அதுவும் பொருந்தியது.

பதில்:
அதுதான் காரணம். டிஸ்க்கில் இருக்கும் அகலமான துளைக்கு இரண்டு பகுதி. போன் கேபிள் பெரிய பகுதியில் மட்டும் உட்காரும். வேலை செய்யும், ஆனால் 2.0 வேகத்தில். சின்ன கேபிளையே போட்டு, டிஸ்க்கை சிபியு பக்கத்தில் ஒரு புத்தகத்தின் மேல் வையுங்கள். தொங்கவிடாதீர்கள்.

இன்னொருவர்:
தண்டர்போல்ட் வேண்டாம் தம்பி. அது விநாடிக்கு 40 கிகாபிட்டும் அதற்கு மேலும் போகும், ஆனால் ஹார்டு டிஸ்க்கின் உள்ளே சுற்றும் தட்டு 120, 130 எம்பிக்கு மேல் தராது. அதற்கு 5 கிகாபிட் யுஎஸ்பி 3.0 தாராளம். டைப்-சி என்பது முனையின் வடிவம் மட்டும்தான். போனோடு வரும் சி கேபிள்கள் பலவற்றில் 2.0 வேகம்தான் இருக்கும். எடிட்டிங்குக்கு எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாத, சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) நல்லது. பூட்டி வைக்க ஹார்டு டிஸ்க் போதும், எஸ்எஸ்டியை மின்சாரமே கொடுக்காமல் வருடக்கணக்கில் வைப்பது நல்லதல்ல.

எனக்கு வேகத்தைவிட அந்த டக் டக்தான் பயமாக இருக்கிறது. கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போடாதீர்கள். வேறு எங்கும் கிடைக்காத படங்களை முதலில் எடுங்கள், வீடியோ பிறகு. ஒரு ஃபோல்டரில் நின்றுவிட்டால் விடாமல் முட்டாதீர்கள், அதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

கேட்டவர்:
கேபிளை மாற்றியதும் 110 எம்பி! போட்டோ எல்லாம் வந்துவிட்டது. 2006 வீடியோ ஃபோல்டர் மட்டும் பாதியில் நிற்கிறது. என் அக்கா கல்யாணம் அதில்தான் இருக்கிறது.

இன்னொருவர்:
மற்றதெல்லாம் ஏறியதும் நிறுத்திவிடுங்கள். அந்த ஒன்றுக்கு லினக்ஸ் போட்ட பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்கி, டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளை ஓட்டலாம், படிக்க முடிந்த பகுதியை முதலில் எடுத்துவிடும். சத்தம் கூடினால் அதுவும் வேண்டாம், டேட்டா மீட்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள். வந்த படங்களுக்கு இன்னொரு டிஸ்க்கில் நகல் போட்டு அக்கா வீட்டில் வையுங்கள்.