திருச்சி தூய வளனார் கல்லூரி: வயதை 1844 இலிருந்து எண்ணலாமா?

கொழும்புத்துறையான்:
மருமகனுக்குக் கல்லூரி பார்க்கக் காங்கேசன்துறையில் கப்பல் ஏறி, நாகபட்டினத்தில் இறங்கி, பஸ்ஸில் திருச்சி போய் வந்தேன். தூய வளனார் கல்லூரி (அப்பா கடைசிவரை 'சென் ஜோசப்' என்றுதான் சொல்வார்) தன் வயதை 1844 இலிருந்து எண்ணுகிறது. ஆனால் 1844 இல் இயேசு சபையார் அதைத் தொடங்கிய இடம் நாகபட்டினம். திருச்சிக்கு வந்தது 1883 இல். வேறு ஊரில் கழிந்த 39 வருடத்தை இந்த ஊர்க் கணக்கில் சேர்ப்பது சரியா? எனக்கு இது கொஞ்சம் கூட்டிச் சொல்வதாகவே படுகிறது.

வட்டுக்கோட்டை மாமா:
தம்பி, எங்கள் முற்றத்தைக் கூட்டிவிட்டு அயல் வீட்டுக் குப்பையைப் பார்ப்போம். யாழ்ப்பாணக் கல்லூரி 1823 இலிருந்து வயது எண்ணுகிறது. 1823 இல் அமெரிக்க மிசன் தொடங்கியது வட்டுக்கோட்டை செமினரி என்ற உயர்கல்விக்கூடம். அது 1855 இல் பூட்டப்பட்டது. கல்லூரி வந்தது 1872 இல். நடுவில் 17 வருடம். அதையும் சேர்த்துத்தான் நாங்கள் நெஞ்சை நிமிர்த்துகிறோம். திருச்சிக்காரர் வீடு மாறியதைப் போய்க் குறை சொல்வதா?

கொழும்புத்துறையான்:
மாமா, வட்டுக்கோட்டையில் மண் மாறவில்லையே. செமினரியில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள். அந்தப் பெயர் அந்த மண்ணோடு ஒட்டியது. நாகபட்டினத்தில் படித்தவனுக்கும் மலைக்கோட்டைக்கும் என்ன தொடர்பு?

குருநகர் பெடியன்:
எங்கள் யாழ்ப்பாணத்துச் சென் பற்றிக்ஸ் கல்லூரியும் இயேசு சபைதானே? அப்போ எங்களுக்கும் பங்கு உண்டு 😀

திருநெல்வேலி அக்கா:
இல்லைத் தம்பி, பலர் இப்படித்தான் குழப்புகிறார்கள். பற்றிக்ஸ் 1850 இல் தொடங்கியது, அமலமரித் தியாகிகள் என்ற வேறொரு கத்தோலிக்கச் சபையின் பெயரோடு வளர்ந்தது. இயேசு சபையார் யாழ்ப்பாணத்தில் இருந்தது போர்த்துக்கேயர் காலத்தில். 1658 இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்ததோடு அந்தக் கதை முடிந்தது. பிறகு இலங்கையில் அவர்கள் நடத்திய கல்லூரி பார்க்க வேண்டுமென்றால் மட்டக்களப்பு மைக்கேல் கல்லூரி போன்றவற்றுக்குப் போக வேண்டும்.

கொழும்புத்துறை அண்ணைக்கு ஒன்று. அந்தச் சபையையே 1773 இல் பாப்பரசர் கலைத்தார். 1814 இல் திரும்ப உயிர் கொடுத்தார்கள். ஆனாலும் சபை தன்னை 1540 இலிருந்துதான் எண்ணுகிறது. 41 வருடம் இல்லாமலே இருந்தவர்கள், தங்கள் கல்லூரி 39 வருடம் வேறு ஊரில் இருந்ததற்கா கூச்சப்படப் போகிறார்கள்? அவர்களுக்குக் கல்லூரி என்பது காணி உறுதி அல்ல. நடத்துகிறவர்கள்தான்.

நெடுந்தீவான்:
வயதை விடுங்கள், பாரம்பரியத்தைப் பேசுங்கள். 1954 இல் அங்கே பௌதிகவியலில் பட்டம் எடுத்த அப்துல் கலாம், இராமேசுவரத்து முஸ்லிம் பிள்ளை, விடுதியின் சைவ மெஸ்ஸுக்குச் செயலாளராக இருந்து அதிபர் பாதரைச் சாப்பிட அழைத்திருக்கிறார். தன் சுயசரிதையில் அவரே எழுதியது. இதைவிட என்ன வேண்டும்?

குருநகர் பெடியன்:
கத்தோலிக்க விடுதியில் தனியாக ஒரு சைவ மெஸ் ஏன் வேண்டியிருந்தது என்று யாரும் கேட்க மாட்டீர்களா? 1606 இல் மதுரைக்கு வந்த இயேசு சபைப் பாதர் நோபிலி சந்நியாசி வேடம் போட்டு, மரக்கறி தின்று, உயர்சாதியாரைப் பிடிக்கப் பார்த்தார். ஊர் வழக்கத்துக்கு வளைந்து கொடுப்பது இவர்களுக்குப் பழைய பழக்கம்.

நெடுந்தீவான்:
மரக்கறி சாப்பிட்டால் சாதியா? யாழ்ப்பாணத்தில் வெள்ளிக்கிழமை எத்தனை வீட்டில் மீன் வெட்டுகிறார்கள், எண்ணிச் சொல்லும்.

திருநெல்வேலி அக்கா:
பெடியன் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. நோபிலி விஷயத்தில் நானும் அவர் பக்கம்தான். ஆனால் அந்த மெஸ்ஸுக்கு ஒரு முஸ்லிம் செயலாளர் ஆக முடிந்தது என்றால் 1950களில் அது சாதிப் பந்தி இல்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக இருப்பது, அந்தச் சமஆசனம் என்ற சொல்லுக்கே ஒரு காலத்தில் கொந்தளித்த ஊர் எங்களுடையது, கொஞ்சம் அடக்கி வாசிப்போம்.

கொழும்புத்துறையான்:
எல்லாரும் சேர்ந்து அமுக்குகிறீர்கள். சரி, அக்கா சொன்ன 1540 கணக்கு என்னை யோசிக்க வைத்தது. அங்கே எனக்குப் பிடித்தது வேறு. பாதர் கே. எம். மத்தேயு 1967 இல் தொடங்கிய உலர்தாவரக் காப்பகம். தமிழ்நாட்டுச் செடிகொடிகளைக் காடு காடாகத் தேடிப் பதப்படுத்தி வைத்திருக்கிறார்கள். அதற்கு வயது கேட்க எனக்கே மனம் வரவில்லை. மருமகன் தாவரவியல் எடுத்தால் அங்கேதான்.

1844 ஐயும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பக்கத்தில் 'நாகபட்டினம்' என்று எழுத வேண்டும்.

வட்டுக்கோட்டை மாமா:
அவசரப்படாதீர் தம்பி. அவர்கள் அதை எழுதினால் நாங்கள் 1855 ஐ எழுத வேண்டி வரும்.