புதுப்பிப்பு: சலவை இயந்திரத்தை எறியவில்லை

போன மாதம் எழுதியதன் தொடர்ச்சி இது. ஐந்து வயதான எங்கள் சலவை இயந்திரம் சுழலும்போது ஆலை போல இரைகிறது, திருத்துவதற்குச் சேவை நிலையம் 68,000 ரூபா கேட்கிறது, புதியதோ 115,000 என்று புலம்பியிருந்தேன். பலரும் புதியதை வாங்கச் சொன்னீர்கள்.

பழுது, சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கில்தான். தனியே வாங்கினால் அற்பக் காசு. ஆனால் அது பொருந்தியிருக்கும் பிளாஸ்டிக் தொட்டியின் இரு பாதிகளையும் தொழிற்சாலையிலேயே உருக்கி ஒட்டிவிட்டார்கள். கழற்றத் திருகாணி இல்லை. எனவே தொட்டியையே இறக்குமதி செய்து மாற்ற வேண்டுமாம். புதிய இயந்திரமும் இறக்குமதிதானே என்று கேட்பீர்கள். அது கொள்கலன் நிறைய வருகிறது. தொட்டி ஒற்றையாக வருகிறது. 2022இல் இலங்கையில் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியது. பின்னர் சற்று இறங்கினாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. போதாததற்கு, ஒரே ஆள் அரை நாள் குனிந்திருந்து செய்யும் வேலை இது.

கடைசியில் கொழும்பு வெள்ளவத்தைக் குறுக்குத்தெரு ஒன்றில் திருத்த வேலை செய்யும் ஒரு பாஸைப் பிடித்தேன். இரும்பு அறுக்கும் வாளால் தொட்டியைப் பிளந்து, பேரிங்கையும் அதற்குள் தண்ணீர் போகாமல் தடுக்கும் ரப்பர் 'சீல்' வளையத்தையும் மாற்றி, விளிம்பெங்கும் துளையிட்டுத் திருகாணி பூட்டி, சிலிக்கோன் பூசினார். "அடுத்த முறை அறுக்கத் தேவையில்லை, கழற்றலாம்" என்றார். எல்லாமாக 14,500 ரூபா. உத்தரவாதம் கேட்டேன், சிரித்தார்.

மூன்று வாரமாக ஓடுகிறது. சொட்டுச் சொட்டாகக் கசிகிறது. அடியில் பழைய துவாய் ஒன்று போட்டிருக்கிறேன்.