படித்த பார்மகாலஜி (மருந்தியல்) வார்டில் நேரில் வந்து நின்ற தருணம்: உங்கள் அனுபவம் என்ன?

வைகைக்கரை:
ஓ.பி. (ஆர்கனோபாஸ்பேட்) பாய்சன் கேஸ். வயலுக்கு அடிக்க வச்சிருந்த பூச்சிமருந்து மோனோகுரோட்டோபாஸ். முறிமருந்து அட்ரோபின், பாம் (பிராலிடாக்சிம்) எல்லாம் ஏறி, செஸ்ட் கிளியர், எச்சில் ஊறுறது நின்னு, அக்குள் காய்ஞ்சு, மூணாம் நாள் காலையில அந்த அண்ணன் நல்லாப் பேசிட்டிருந்தார். "தம்பி, டீ குடிக்கலாமா?"ன்னு கேட்டார். அவர் சம்சாரம் வீட்டுக்குப் போயிடலாம்னு பையை மடியில எடுத்து வச்சுட்டாங்க. ரவுண்ட்ஸ் வந்த பிஜி (மேற்படிப்பு டாக்டர்) அக்கா மானிட்டரைக்கூடப் பார்க்கலை. "அண்ணே, தலையணையிலேர்ந்து தலையை மட்டும் தூக்குங்க"ன்னாங்க. கழுத்து நரம்பெல்லாம் புடைச்சுது. தலை ஒரு விரக்கடைகூட எழும்பலை. "அசதியா இருக்கும்மா"ன்னு சிரிக்கிறார். சாயங்காலம் ட்யூப் போட்டு வென்டிலேட்டர்ல விட்டாங்க.

பிழைச்சு, நடந்துதான் வீட்டுக்குப் போனார். ஆனா எனக்கு அந்த டீ கேட்ட முகம் போகவே மாட்டேங்குது. இதுக்குப் பேர் இன்டர்மீடியட் சிண்ட்ரோம், விஷம் உள்ளே போய் 24லேர்ந்து 96 மணி நேரத்துல கழுத்தும் மூச்சுத் தசையும் சோர்ந்துபோறதுன்னு புத்தகத்துல இருக்கு. அட்ரோபின் எச்சில், சளி சுரக்க வைக்கிற மஸ்கரினிக் பக்கத்தைத்தான் அடைக்கும், தசைக்குப் போற நிகோடினிக் பக்கம் அதுக்கு எட்டாதுன்னு வைவாவில எல்லாரும் ஒப்பிப்போம். எச்சில், கண்ணீர், சிறுநீர், பேதின்னு பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ணவச்சாங்களே, அதுல கழுத்து எங்கே இருக்கு?

நைட்டூட்டி_சிஸ்டர்:
வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு போட்ட காலேஜ் பொண்ணு. நடுராத்திரி கழுத்து ஒருபக்கமாத் திருகிக்கிச்சு, ரெண்டு கண்ணும் மேலே சொருகிடுச்சு, நாக்கு வெளியே தள்ளுது. பாட்டி "காத்து கருப்பு பட்டுடுச்சு"ன்னு விபூதியை எடுத்துட்டாங்க. பக்கத்து பெட்காரர் வலிப்புன்னு நினைச்சு கையில சாவியைத் திணிக்கிறார். ஆனா பொண்ணுக்கு முழு நினைவு இருக்கு. கண்ணீர் மட்டும் காதோரமா வழியுது.

டியூட்டி டாக்டர் ஃபெனர்கன் போடச் சொன்னார். கொஞ்ச நேரத்துல கழுத்து தானா நேராச்சு. மெட்டோகுளோப்ரமைடால மூளையில டோபமைன் அடைபட்டா அசெட்டில்கோலின் கை ஓங்கும், ஃபெனர்கன் அதை அடக்கும், அவ்வளவுதான் கணக்கு. அவ வாய் திறந்து முதல்ல சொன்னது, "நீங்க பேசினது எல்லாமே கேட்டுச்சு அக்கா." அதுக்கப்புறம் யார் பெட் பக்கத்துல நின்னும் நான் நோயாளியைப் பத்தி மூணாம் மனுஷங்க மாதிரி பேசுறதில்லை.

பார்ம்டி_கடைசிவருஷம்:
வைகைக்கரை, பட்டியலைக் குறை சொல்லாதீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு வாயில நுரையோட ஒருத்தரைத் தூக்கிட்டு வரும்போது அந்தப் பட்டியல்தான் முதல்ல நினைவுக்கு வரும். அதை வச்சுத்தானே உங்க அண்ணனுக்கே அட்ரோபின் ஏறுச்சு?

என் அனுபவம் இன்சுலின். ஒரு தாத்தாவோட இன்சுலின் பென் உடைஞ்சுபோச்சு. கார்ட்ரிட்ஜ்ல ஊசியை விட்டு சிவப்பு மூடி சிரிஞ்சுல இழுத்துப் போட்டிருக்கார். கார்ட்ரிட்ஜ்ல மில்லிக்கு 100 யூனிட், சிவப்பு மூடி சிரிஞ்ச் 40 யூனிட் வயலுக்கானது. 20 கோடு இழுத்தா உள்ளே போறது 50. மருமகள் சர்க்கரைத் தண்ணி புகட்டிக் கூட்டிட்டு வந்தாங்க. தெளிஞ்சதும் தாத்தா அந்த சிரிஞ்சை மேஜையில வச்சு, "டாக்டர் இருபதுன்னார், இருபதுதான் இழுத்தேன் பாரும்மா"ன்னு நகத்தால கோட்டைத் தொட்டுக் காட்டினார். அவர் சொன்ன எண் சரிதான். எந்த இன்சுலினுக்கு எந்த சிரிஞ்ச்னு அவருக்கு யாருமே சொன்னதில்லை.

வைகைக்கரை:
பட்டியல் வேண்டாம்னு சொல்லலை. அதோட பாடத்தை முடிச்சுடாதீங்கன்னுதான் சொல்றேன்.

பழைய_சீனியர்:
தேள் கொட்டின குழந்தை, சட்டை நனைஞ்ச வியர்வை, கைகால் சில்லுன்னு. ரத்தக்குழாயைத் தளர்த்துற பிரசோசின் கொடுத்து உட்கார்ந்திருந்தோம். விடியுறதுக்குள்ள உள்ளங்கை சூடாச்சு. மகாராஷ்டிரத்துல மஹாட் ஊர் டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் 1980களில் காட்டிக்கொடுத்த வழி அது.

தம்பி தங்கச்சிங்களுக்கு ஒண்ணு சொல்றேன். மருந்துப் பேர்லேர்ந்து ஆரம்பிக்காதீங்க, ரிசெப்டர்லேர்ந்து (உடம்புல மருந்து போய்ப் பிடிக்கிற இடம்) ஆரம்பிங்க. ஆல்ஃபா 1 ரத்தக்குழாயை இறுக்கும், பீட்டா 1 இதயத்தை விரட்டும், பீட்டா 2 மூச்சுக்குழாயை விரிக்கும். இது புரிஞ்சா ஆல்ஃபா 1-ஐ அடைக்கிற பிரசோசின் ஏன் தேளுக்கு, பீட்டாவை அடைக்கிற ப்ரோப்ரனலால் ஏன் ஆஸ்துமாக்காரருக்கு ஆகாதுன்னு ரெண்டும் ஒரே மூச்சில வந்துடும். பிரசோசின் முதல் டோஸ்ல பி.பி. சரியும்னும் யாரும் சொல்லித்தர வேண்டாம். அப்புறம் ஒவ்வொரு மருந்துக்கும் கேளுங்க: எங்கே வேலை செய்யுது, கிட்னி வழியாவா லிவர் வழியாவா வெளியே போகுது, கொடுக்குறதுக்கு முன்னாடி எதைப் பார்க்கணும், அளவு மிஞ்சிப்போனா முறிமருந்து என்ன. இதய மருந்து டிகாக்சின்னா ஸ்டெத் வச்சு இதயத்துடிப்பை ஒரு முழு நிமிஷம் எண்ணணும், 60க்குக் கீழேன்னா கொடுக்காம டாக்டர்கிட்ட சொல்லணும். கூடவே நீர் பிரிய வைக்கிற ஃப்ரூசமைடு ஓடினா பொட்டாசியம் பார்க்கணும், அது குறைஞ்சா டிகாக்சின் விஷமாகும். வலிப்பு மருந்து ஃபெனிடாயினை டெக்ஸ்ட்ரோஸ்ல கலந்தா படிஞ்சுடும், நார்மல் சலைன் மட்டும்தான். பரீட்சைக்குப் படிக்கும்போதும் வார்டுல ஒருத்தரோட மருந்துச் சீட்டைக் கையில எடுத்து, மேலேர்ந்து கீழே வரைக்கும் ஒவ்வொண்ணும் ஏன்னு கேட்டுப் பாருங்க. கைடு வாங்குற காசு மிச்சம்.

குழந்தைகள்_வார்டு:
சீனியர் அண்ணே, அந்த 60 பெரியவங்களுக்கு. கைக்குழந்தைக்கு 90க்குக் கீழே போனாலே கையை நிறுத்தணும். இதயத்துல ஓட்டை இருந்த பாப்பா, அம்மா மடியில தூங்குது. டிராப்பர்ல மருந்தை இழுத்து அந்தம்மா தயாரா வச்சிருக்காங்க. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ணினேன், 84. "நல்லாத்தானே தூங்குறா, கொடுத்துடலாமா சிஸ்டர்?"ன்னு கேட்குறாங்க. வேண்டாம்மான்னு டாக்டரைக் கூப்பிட்டேன். ரத்தத்துல டிகாக்சின் அளவு அதிகம்னு ரிப்போர்ட் வந்துச்சு. உங்க பதிவைப் படிக்கிற பசங்க அப்படியே நோட்டுல எழுதிப்பாங்க. 60க்குப் பக்கத்துல பெரியவங்களுக்குன்னு ஒரு வார்த்தை சேர்த்துடுங்க.